ஓய்வுக்கு ஒரு ஸ்டாப்வாட்ச்

குறுவட்டப் போட்டி நடக்கிற எந்த மைதானத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். 400 மீட்டருக்குப் பெயர் கூப்பிடுவார்கள். கோட்டுக்குப் போகிற பையனை அண்ணனோ சித்தப்பாவோ வழிமறித்து, வாயைத் திறக்கச் சொல்லி, குளுக்கோஸ் பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டுவார். சிலர் உள்ளங்கையில் வாங்கி நக்கிக்கொண்டே போவார்கள். பாதிப் பேர் வெள்ளை மீசையோடுதான் லேனில் நிற்பார்கள்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் சாயங்காலங்களில் 400, 800 ஓடுகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பவுடரை நான் தடுப்பதில்லை. அதனால் கெடுதல் இல்லை, அந்த ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. வாயில் போட்ட குளுக்கோஸ் வயிற்றைக் கடந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் கலந்து தொடைக்கு வந்து சேர்வதற்குள் பையன் ஓடி முடித்து, சான்றிதழுக்கு இனிஷியல் சொல்லிக்கொண்டிருப்பான். ஒரு நிமிடத்தில் முடிகிற ஓட்டத்துக்கு வேண்டியதெல்லாம் விசிலுக்கு முன்பே தசைக்குள் இருந்தாக வேண்டும். இருக்கவும் செய்கிறது. வளர்ந்த ஒருவரின் தசைகளில் மொத்தம் 400 கிராம் அளவுக்குக் கிளைகோஜன் சேமிப்பில் இருக்கும். சோற்றிலிருந்து வந்த சர்க்கரையை உடம்பு அடுக்கி வைத்துக்கொள்ளும் வடிவம் அது. 400 மீட்டர் ஓடினால் அதில் கொஞ்சம்தான் குறையும்.

சரக்கு இருக்கிறது, ஆனாலும் கடைசி 80 மீட்டரில் "கால் வரல சார்" என்கிறார்கள். இது ஏன் என்ற ஒரு கேள்விக்குத்தான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

தசை சுருங்குவதற்கு ஏ.டி.பி. என்ற ஒரே பொருளைத்தான் கேட்கும். இட்லியானாலும் எண்ணெயானாலும் கறியானாலும் கடைசியில் ஏ.டி.பி.யாக மாற்றிக் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்ளும். ஆனால் அதன் கையிருப்பு மிகச் சொற்பம். முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மூன்று வினாடிக்கு மேல் தாங்காது. அதனால் ஓடிக்கொண்டே அதைச் செய்துகொண்டும் இருக்க வேண்டும். செய்வதற்கு உடம்பில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி கிரியாட்டின் பாஸ்பேட். ஏ.டி.பி. உடைந்த மறுகணமே தன்னிடமுள்ள பாஸ்பேட்டைக் கொடுத்து அதை மறுபடி ஏ.டி.பி.யாக்கிவிடும். மூன்று வழிகளில் இதுதான் மிக வேகம், காற்றே தேவையில்லை. ஆனால் முழு மூச்சாக ஓடினால் பத்து வினாடிக்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவரைப் பற்றி எங்கள் ஆட்கள் பேசுவதே இல்லை. அவர் எல்லாப்ரகடா சுப்பாராவ். பீமாவரத்தில் 1895இல் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மாநிலக் கல்லூரி வழியாகச் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். காந்தி சொன்னார் என்று கதர் உடுத்தியதில் ஆங்கிலேயப் பேராசிரியருக்கு மனக்கசப்பு. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். 1923இல் பாஸ்டனுக்குக் கப்பலேறி, மருத்துவமனையில் இரவு எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் நுழைந்தார். அங்கே சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1927இல், தசை வேலை செய்யும்போது குறைந்து ஓய்வில் திரும்பக் கூடுகிற கிரியாட்டின் பாஸ்பேட்டை இனம் கண்டு சொன்னார். இரண்டு ஆண்டு கழித்து ஏ.டி.பி.யையும் இவர்கள் கண்டார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமான் அதே 1929இல் தனியாகக் கண்டுபிடித்தார். 100 மீட்டர் ஓடுகிற பிள்ளைகளிடம், "உங்க ஓட்டத்தையே மெட்ராஸ்ல படிச்ச ஒருத்தர்தான் கண்டுபிடிச்சாரு" என்று சொல்வேன். கொஞ்சம் மிகைதான். ஆனால் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

கிரியாட்டின் பாஸ்பேட் தீர்வதை 100 மீட்டரிலேயே பார்க்கலாம். உசேன் போல்ட் 2009இல் பெர்லினில் 9.58 ஓடியபோது 60லிருந்து 80 மீட்டர் வரைக்குமான 20 மீட்டரை 1.61 வினாடியில் கடந்தார். கடைசி 20 மீட்டருக்கு 1.66 ஆனது. உலகத்திலேயே வேகமான மனிதருக்கும் கடைசியில் வேகம் குறையத்தான் செய்தது. "போல்ட் கடைசில எகிறிட்டாரு" என்று டிவியில் பார்த்தவர்கள் சொல்வது கண் செய்கிற ஏமாற்று. மற்றவர்கள் அவரைவிட அதிகமாகத் தளர்ந்தார்கள், அவ்வளவுதான்.

சடுகுடு ஆடியவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். பாடிக்கொண்டு போகிறவன் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறான், உள்ளே இழுப்பதில்லை. அந்த நேரத்தில்தான் காலை வீசுகிறான், துள்ளுகிறான், நாலு பேர் பிடியை உதறிக்கொண்டு கோட்டுக்குப் பாய்கிறான். முதல் சில வினாடிகளின் வெடிப்புக்குக் காற்று வேண்டியதில்லை என்பதால்தான் அப்படி ஒரு ஆட்டமே சாத்தியம். உடலியல் தெரியாமல் நம் கிராமத்து ஆட்கள் அமைத்த விதி, உடலியலுக்குக் கச்சிதமாகப் பொருந்தி நிற்கிறது. இன்றைய கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. அதில் கடைசிப் பத்து வினாடியில் சிக்குகிறவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றும். கணக்கெடுத்துச் சொல்லவில்லை, பார்த்துச் சொல்கிறேன்.

தீர்ந்த கிரியாட்டின் பாஸ்பேட் திரும்ப நிறைய வேண்டுமே, அதற்கு எவ்வளவு நேரம்? ஏறக்குறைய அரை நிமிடத்தில் பாதி திரும்பிவிடும். முழுக்க நிறைய மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும். திரும்பி வருவதற்குக் காற்று தேவை. 60 மீட்டர் ஓடும்போது வாங்காத மூச்சை ஓடி முடித்தபின் வாங்குவது இதனால்தான்.

என் தொழிலில் பெரிய சண்டையெல்லாம் இந்த மூன்று நிமிடத்தைப் பற்றித்தான் வந்திருக்கிறது. வேகப் பயிற்சி என்றால் 30 மீட்டர், 60 மீட்டர் முழு வேகம், பிறகு நடை, பிறகு நிற்பது. பத்து மீட்டருக்கு ஒரு நிமிடம் ஓய்வு என்பது ஓட்டப் பயிற்சியாளர்களிடம் புழங்குகிற கணக்கு. 60 மீட்டர் ஓடினால் ஆறு நிமிடம் சும்மா. ஓடுவது எட்டு வினாடி, நிற்பது ஆறு நிமிடம். பார்க்கிறவர்களுக்கு இது பயிற்சியாகவே தெரியாது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒருநாள் கூப்பிட்டு, "பசங்கள நிக்க வெச்சு கதை பேசிட்டிருக்கீங்களே சார், பக்கத்து ஸ்கூல்ல பாருங்க, வேர்க்க வேர்க்க ஓட விடுறாரு" என்றார். "அவரு ஓட்டம் சொல்லித் தராரு சார், நான் வேகம் சொல்லித் தரேன்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

ஓய்வைக் குறைத்தால் என்ன ஆகும் என்றால், பையன் இரண்டாவது 60 மீட்டரை நிறையாத கிரியாட்டின் பாஸ்பேட்டோடு தொடங்குவான். மூன்றாவதில் இன்னும் குறைவு. நாலாவது ஓட்டத்தில் அவன் ஓடுவது வேகமே இல்லை, களைப்பு. உடம்பு எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதைத்தான் பழகும். மெதுவாக ஓடிப் பழகினால் மெதுவாக ஓடத்தான் வரும். அதனால் என்னிடம் இரண்டு ஸ்டாப்வாட்ச் இருக்கும். ஒன்று ஓட்டத்துக்கு, ஒன்று ஓய்வுக்கு. ஓட்டத்து வாட்ச் பழுதானால்கூடக் கண்மதிப்பில் சமாளித்துவிடுவேன். ஓய்வு வாட்ச் இல்லாமல் பயிற்சி ஆரம்பிக்க மாட்டேன்.

இனி 400. பத்து வினாடி வரை முதல் வழி கொடுத்தது. அதற்குப் பிறகு இரண்டாவது வழி பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். கிளைகோஜனைக் காற்றில்லாமல் உடைப்பது. ஒரு குளுக்கோஸ் அலகுக்கு மூன்று ஏ.டி.பி. கிடைக்கும். அதையே காற்றோடு, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் முழுக்க எரித்தால் முப்பதுக்கும் மேல் கிடைக்கும். மூன்றுக்காக முப்பதை விடுவது வீண்செலவு மாதிரி தெரியும். ஆனால் இங்கே வேகம்தான் முக்கியம். அந்த மூன்று உடனே கிடைக்கிறது, முப்பது தாமதித்து வருகிறது. உடைத்து மிஞ்சுவது லாக்டேட்.

இந்த லாக்டேட்டுக்கு மைதானத்தில் இருக்கிற கெட்ட பெயர் அநியாயம். "லாக்டிக் ஏறிடுச்சு சார்" என்று எட்டாம் வகுப்புப் பையனே சொல்வான். மறுநாள் தொடை வலித்தால் லாக்டிக், தசை பிடித்துக்கொண்டால் லாக்டிக், தோற்றாலும் லாக்டிக். இந்தப் பழி 1907இல் ஆரம்பித்தது. இங்கிலாந்தில் ஃப்ளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளைத் தசையைக் காற்றில்லாமல் சுருங்கவைத்து, அதில் லாக்டிக் அமிலம் சேர்வதையும், காற்றைக் காட்டியதும் அது குறைவதையும் பார்த்தார்கள். பிறகு ஏ.வி.ஹில், ஓட்டோ மேயர்ஹாஃப் இருவரும் இந்த வழியில் நடந்து 1922ஆம் ஆண்டுக்கான நோபல் வாங்கினார்கள். ஹில் சும்மா சோதனைச்சாலையில் உட்கார்ந்திருந்த ஆள் இல்லை, தானே புல்தரையில் ஓடி, விட்ட மூச்சைப் பைகளில் பிடித்து அளந்தவர். அதனால் அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. லாக்டிக் அமிலம்தான் தசையைச் சுருங்க வைக்கிறது என்றே அப்போது நினைத்தார்கள். டென்மார்க்கின் ஐனார் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலமே உண்டாகாதபடி நஞ்சிட்ட தசையும் கொஞ்ச நேரம் சுருங்குகிறது என்று 1930இல் காட்டியதும் அந்தக் கருத்து சாய்ந்தது. கருத்து சாய்ந்தாலும் கெட்ட பெயர் மட்டும் மைதானங்களில் தங்கிவிட்டது.

உண்மையில் நடப்பது இப்படி. அவ்வளவு வேகமாக ஏ.டி.பி. உடையும்போது தசைக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. ஓய்வில் 7ஐ ஒட்டியிருக்கிற பி.எச். அளவு 6.5 பக்கம் இறங்கும். கிரியாட்டின் பாஸ்பேட் உடைந்து விட்டுப்போன பாஸ்பேட்டும் குவிகிறது. நரம்பு சொல்லியனுப்பியதும் தசைக்குள் கால்சியம் வெளிவர வேண்டும், அப்போதுதான் இழைகள் ஒன்றையொன்று இழுக்கும். அந்த வேலையில் இந்தக் குவிப்பு குறுக்கே நிற்கிறது. லாக்டேட் அதே நேரத்தில் அதே இடத்தில் இருப்பதால் பழியை அது வாங்கிக்கொண்டது.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்வேன், பெரியவர்களும் அசந்துபோவார்கள். கால் வரவில்லை என்று கோட்டைத் தாண்டி விழுகிறவனின் தசையில்கூட ஏ.டி.பி. காலியாவதில்லை. பாதிக்கு மேலேயே மிச்சம் இருக்கும். முழுக்கத் தீர்ந்தால் தசை இழைகள் ஒன்றையொன்று பிடித்த பிடியை விடவே முடியாது. பிணம் விறைப்பது அப்படித்தான். தீர்ந்துபோகும் முன்பே உடம்பு வேகத்தைக் குறைத்துவிடுகிறது. ஆகவே "செத்துட்டேன் சார்" என்று எவனாவது சொன்னால், "செத்திருந்தா வெறச்சிருப்ப, எந்திரிச்சு நட" என்பேன்.

எழுந்து நடக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. தசையிலிருக்கும் கிளைகோஜனுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, அந்தத் தசையை விட்டு அது வெளியே போக முடியாது. போவதற்கு வேண்டிய நொதி கல்லீரலில் உண்டு, தசையில் இல்லை. கையிலிருக்கும் சேமிப்பு காலுக்கு வராது. ஆனால் அதே கிளைகோஜன் லாக்டேட்டாக மாறிவிட்டால் தாராளமாக ரத்தத்துக்குப் போகலாம். பக்கத்துத் தசை அதை வாங்கி எரிக்கும், இதயம் விரும்பி எரிக்கும், கல்லீரல் திரும்பக் குளுக்கோஸாக்கும். இந்தக் கல்லீரல் சுற்றைக் கண்டுபிடித்த கோரி தம்பதி 1947இல் நோபல் வாங்கினார்கள். 1980களில் கலிஃபோர்னியாவின் ஜார்ஜ் புரூக்ஸ், லாக்டேட் கழிவே இல்லை, தசைக்குத் தசை கைமாறுகிற எரிபொருள் என்று விளக்கினார். மெதுவாக ஜாக் செய்கிற கால் அதை எரித்துத் தீர்க்கும், படுத்துக் கிடக்கிற காலுக்கு அதிக நேரம் பிடிக்கும். முடித்ததும் குப்புற விழுந்து கிடக்கிறவனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நடத்துவது இதற்காகத்தான், விரட்டுவதற்காக இல்லை. தொடையைப் போட்டுப் பிசைவதாலும் தைலம் தேய்ப்பதாலும் லாக்டேட் போவதில்லை. தேய்த்தால் சுகமாக இருக்கும், அது வேறு விஷயம்.

எப்படியும் ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் பழைய அளவை ஒட்டி வந்துவிடும். அதனால் மறுநாள் காலையில் படி இறங்கும்போது தொடை வலிப்பதற்கு அதன்மேல் கேஸ் போட முடியாது. அந்த வலி, நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருந்த தசையில் உண்டான நுண்ணிய கிழிசல்களால் வருவது. மலையேறுகிறவர்களுக்குத் தெரியும், ஏறியதைவிட இறங்கியதுதான் மறுநாள் கொல்லும்.

இப்போது ஒரு சொட்டு ரத்தத்தில் லாக்டேட் பார்க்கிற கையடக்கக் கருவி வந்திருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது லிட்டருக்கு 1 மில்லிமோல் காட்டும். நன்றாகப் பழகிய 400 ஓட்டக்காரர் போட்டி ஓடினால் 20ஐத் தாண்டும். கோட்டில் பிடித்து நிறுத்தி எடுத்தால் அவ்வளவு காட்டாது. ஐந்தாறு நிமிடம் கழித்துத்தான் உச்சம் வரும், தசையிலிருந்து ரத்தத்துக்கு வர அவ்வளவு நேரம் ஆகிறது. பெரிய எண் வந்தால் பிள்ளைகள் பயப்படுவார்கள். நான் சந்தோஷப்படுவேன். அவ்வளவு உண்டாக்க முடிந்தால்தான் அவ்வளவு வேகம்.

மூன்றாவது வழியை நம் மைதானங்களில் மதிப்பதே கிடையாது. காற்றோடு எரிப்பது 1500க்கும் மாரத்தானுக்கும்தான், 400க்கு அது எதற்கு என்பார்கள். மூன்று வழிகளும் ஒன்று முடிந்து ஒன்று தொடங்குவதில்லை, விசில் அடித்ததும் மூன்றும் ஓடத் தொடங்கும், பங்குதான் மாறிக்கொண்டே போகும். ஆஸ்திரேலியாவில் ஸ்பென்சர், காஸ்டின் இருவரும் பழகிய ஓட்டக்காரர்களை அளந்து 2001இல் வெளியிட்ட கணக்கில், காற்றோடு வந்த பங்கு 200 மீட்டரில் 29 சதவீதம், 400இல் 43, 800இல் 66, 1500இல் 84. ஓடத் தொடங்கி அரை நிமிடம் ஆவதற்குள்ளாகவே 400 ஓட்டக்காரரிடம் காற்று வழி முந்திவிடுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். அதாவது கடைசி நேர் கோட்டில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் பெரும்பங்கு நுரையீரலுக்கும் இதயத்துக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும்தான். ஆகவே சீசன் தொடங்குமுன் மாதக்கணக்கில் 200 மீட்டரை முக்கால் வேகத்தில், இடையில் இரண்டு நிமிடம் விட்டுத் திரும்பத் திரும்ப ஓடவிடுவேன். மைக்கேல் ஜான்சனை உருவாக்கிய கிளைட் ஹார்ட், அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் செய்தார். ஓட்டம் இரண்டிலும் 200தான். ஓய்வு இரண்டு நிமிடம் என்றால் ஒரு பயிற்சி, பத்து நிமிடம் என்றால் முற்றிலும் வேறு பயிற்சி. பிள்ளைகளுக்கு இது புரிய ஒரு சீசன் ஆகும்.

ஓட்டத்தைப் பிரிப்பதும் இதே கணக்குத்தான். வேய்ட் வான் நீகெர்க் 2016இல் ரியோவில் எட்டாம் லேனிலிருந்து 43.03 ஓடினார். முதல் 200ஐவிட இரண்டாவது 200 ஏறக்குறைய இரண்டு வினாடி மெதுவாகவே வந்தது. அவருடைய பயிற்சியாளர் ஆன்ஸ் போத்தா, அப்போது 74 வயது, கொள்ளுப்பாட்டி. நம்மூரில் அந்த வயதில் மைதானத்துக்கு வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சால்வை போர்த்துவார்கள். 800இல் டேவிட் ருடிஷா 2012இல் லண்டனில் உலக சாதனையாக 1:40.91 ஓடியபோதும் முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. உலகத் தரத்திலேயே பின்பாதி தளரும். அந்தத் தளர்ச்சியைக் கட்டுக்குள் வைப்பதுதான் கலை. நம் பிள்ளைகள் முதல் 200ஐ 200 போட்டி போல ஓடிவிட்டு, கடைசி 100இல் ஐந்து வினாடி இழப்பார்கள். முதல் 200, அவன் தனியாக ஓடும் 200ஐவிட ஒரு வினாடியாவது மெதுவாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன். காலரியிலிருந்து அப்பாக்கள் கத்துவார்கள், "ஓடுடா ஓடுடா" என்று. அந்தச் சத்தத்தில் என் பேச்சு எடுபடாது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் நிறைய. இரவு முழுக்கப் பட்டினி இருந்ததில் கல்லீரல் சேமிப்புதான் வடியும், தசைச் சேமிப்பு அப்படியே இருக்கும். அதனால் கால் ஓடும், ஆனால் தலை சுற்றும், மூளைக்குச் சர்க்கரை கொடுப்பது கல்லீரல். ஒரு டம்ளர் கஞ்சி, இரண்டு வாழைப்பழம், இல்லாவிட்டால் கடலை மிட்டாய், இது போதும். உழைத்த தசைதான் சேமிக்கும் என்பதற்கு ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் இருவரும் 1966இல் செய்த சோதனையைச் சொல்வேன். ஒரே சைக்கிளில் ஆளுக்கொரு காலால் மிதித்துத் தீரும்வரை ஓட்டினார்கள், பிறகு மாவுச்சத்துச் சாப்பாடாகச் சாப்பிட்டார்கள், தங்கள் தொடையிலேயே ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில், சும்மா இருந்த காலைப்போல இரண்டு பங்கு கிளைகோஜன் சேர்ந்திருந்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும், முக்கியமாக ஊசி.

ஆப்ப சோடா கரைத்துக் குடித்துவிட்டு ஓடலாமா என்று சிலர் கேட்பார்கள். ரத்தத்தில் அமிலத்தை ஈடுகட்ட அது உதவும், 400, 800 ஓட்டக்காரர்களுக்குக் கொஞ்சம் பலன் உண்டு, தடைசெய்யப்பட்டதும் இல்லை. ஆனால் வயிறு கலக்கிக் கழிப்பறைக்கு ஓட வைக்கும் வாய்ப்பும் அதே அளவு உண்டு. கிரியாட்டின் பவுடரும் பெரியவர்களுக்குப் பலன் தருவதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டுமே வேண்டாம் என்பது என் முடிவு. மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிடாத பையனுக்குப் பவுடர் வாங்கிக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் காற்றில்லாமல் கிளைகோஜனை உடைக்கும் வழி இன்னும் முழுதாக வளரவில்லை. கிரியாட்டின் பாஸ்பேட் மட்டும் நம்மைவிடச் சீக்கிரம் நிறைந்துவிடும். ஓடிப்பிடித்து ஆடுகிற பிள்ளைகள் இருட்டும்வரை ஆடுவதும், கூட ஆடப் போன மாமா பத்து நிமிடத்தில் திண்ணையில் உட்கார்ந்துவிடுவதும் இதனால்தான். அந்த வயதில் 300 மீட்டர் முழு வேகம் திரும்பத் திரும்பக் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதில் ஒரு லாபமும் இல்லை. சின்னச் சின்ன ஓட்டம், நிறைய விளையாட்டு, அது போதும். தாமதமாக வந்ததற்குத் தண்டனையாகப் பத்து ரவுண்டு ஓடவிடுகிற வழக்கத்தையும் விட்டுவிடலாம். ஓட்டத்தைத் தண்டனையாகப் பார்த்த பையன் பிறகு ஓட வரமாட்டான்.

போட்டி அட்டவணை போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2023இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் நம் 4x400 அணி, கடைசி ஓட்டத்தில் திருச்சி ராஜேஷ் ரமேஷ் ஓட, தகுதிச் சுற்றில் 2:59.05 என்று ஆசிய சாதனை படைத்தது. மறுநாள்தான் இறுதி, அதில் 2:59.92 ஓடி ஐந்தாம் இடம் வந்தார்கள். அங்கே இடையில் ஓர் இரவு விட்டார்கள். இங்கே ஒரே நாளில் 400 ஹீட்ஸ், 400 ஃபைனல், அது முடிந்து பரிசு கொடுக்கும் முன்பே 4x400 ரிலே என்று ஒரே பிள்ளையை மூன்று முறை நிறுத்துகிறோம். அமைச்சர் வருகிறார், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பார்கள். சர்வதேச விதியில் 200 மீட்டருக்கு மேல் 1000 மீட்டர் வரையான ஓட்டங்களுக்கு ஒரு சுற்றின் கடைசி ஹீட்டுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் குறைந்தது 90 நிமிடம் விட வேண்டும். அந்த 90 நிமிடத்தை நம் குறுவட்டப் போட்டி அட்டவணையிலும் எழுதி வையுங்கள்.